பாய்லர் தண்ணீரும் எண்ணெய்க் குளியலும்

நீராவி அளக்கும் மீட்டரை நான் பின்பக்கமாக மாட்டிவிட்டேன். ஸ்பானர் பிடித்தது ஃபிட்டர்தான் என்றாலும், அவருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாமல் போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

மீட்டர் வந்து இறங்கியது ஆயுதபூஜை வாரத்தில். பூஜை போடாமல் புதுச் சாமானைக் குழாயில் மாட்டக் கூடாது என்று ஃபாக்டரியில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் பகுத்தறிவுப் புத்தகங்கள் நிறையப் படித்தவன். ஆகவே மறுப்புத் தெரிவித்துவிட்டு ஒப்புக்கொண்டேன். சுத்தியல், ஸ்பானர், கிரீஸ் டப்பா வரிசையில் மீட்டரையும் உட்கார வைத்து, என் கையாலேயே சந்தனம் குழைத்து, அதன் பளபளப்பான உடம்பில் நல்ல இடமாகப் பார்த்துப் பெரிய பொட்டு ஒன்று வைத்தேன். நடுவில் குங்குமம். நீராவி எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி அந்த நல்ல இடத்தில்தான் இருந்தது.

பூஜை போட்ட பொருளில் சந்தனத்தைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஃபிட்டர் யோசித்துப் பார்த்து, பொட்டு வாசலைப் பார்த்தாற்போல் இருந்தால் லட்சணமாக இருக்கும் என்று மாட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாய்லர் ரூமுக்குள் நுழைகிற எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்தார். அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. விறகு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மீட்டர் மட்டும் ஒரு சாதாரண இட்லிப் பானையிலிருந்து வரும் அளவுக்கு ஆவி காட்டியது.

"ஏனுங்க இன்ஜினியர், இத்தன வெறகு எரியுது. ஆவியே வரலீன்னு சொல்லுதுங்களே உங்க மிஷினு?"

"கொஞ்சம் செட் ஆகணுங்க."

"எது? பாய்லருங்களா, மிஷினுங்களா, நீங்களா?"

மூன்று நாள் கழித்து சந்தனம் காய்ந்து தானாகவே உதிர்ந்தபோது அம்பு தெரிந்தது. அன்றிலிருந்து ஃபாக்டரியில் எனக்குப் பெயர் பொட்டு சார்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் முதலாளிக்கு மலையின் அந்தப் பக்கம், கோத்தகிரி ரோட்டில், இன்னொரு ஃபாக்டரி உண்டு. பெரியது, புதியது. எங்களுடையது பழையது. குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது. எங்கள் ஃபாக்டரி அளவுக்கு மீறி விறகு தின்கிறது என்று அவருக்கு நெடுநாள் வருத்தம். மீட்டரைப் பார்த்த அன்று கிளம்பும்போது காரின் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

"பொங்கல் வரைக்கும் பாப்பம். அப்பவும் இப்படியே தின்னுட்டு இருந்துதுன்னா, இலையை லாரியில ஏத்தி அங்க அனுப்பிச்சிரலாம். இங்க பூட்டிரலாமுங்க."

பூட்டினால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபாக்டரிக்குக் கீழே சரிவில் இறங்கினாற்போல் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அவற்றுக்கு ஓரமாக என் குவார்ட்டர்ஸ். இலை வாட்டும் மாடியில் வேலை செய்யும் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டுப் படியேறி வேலைக்கு வருகிறவர்கள். அந்த ஃபாக்டரிக்குப் போவதென்றால் விடியுமுன் ஜீப்பில் நசுங்கிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் சுற்ற வேண்டும். பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தக் கஷ்டமும் கிடையாது. அங்கே ஏற்கெனவே ஒரு இன்ஜினியர் இருந்தார். என்னைவிட இளையவர். அம்புக்குறி படிக்கத் தெரிந்தவர்.

தேயிலை ஃபாக்டரி என்றால் தேயிலை செய்கிற இடம் என்று ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது தண்ணீரை விரட்டுகிற இடம். ஈரமாக வருகிற இலையிலிருந்து தண்ணீரை விரட்ட வேண்டும். அதற்குச் சூடான காற்று வேண்டும். காற்றைச் சூடாக்க நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. இலையிலிருந்து தண்ணீரை விரட்ட இன்னொரு தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம். இதை யோசித்துப் பார்த்தால் தத்துவம் மாதிரி இருக்கும். நான் யோசித்துப் பார்த்து நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

பாய்லரிலிருந்து கிளம்புகிற நீராவி, மாதச் சம்பளக்காரன் மாதிரி. காலையில் முறுக்காகக் கிளம்பும். ட்ரையரிலும் வாட்டும் மாடியிலும் தன் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டுக் களைத்துப் போய், வெறும் சுடுதண்ணீராக வீடு திரும்பும். வீடு என்பது பாய்லருக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கும் தொட்டி. அங்கிருந்து மறுபடி பாய்லர், மறுபடி வேலை. அந்தச் சுடுதண்ணீர் ஒழுங்காகத் திரும்பிவிட்டால் கவலை இல்லை. திரும்பாவிட்டால், குறைகிற அளவுக்குத் தொட்டி தானாகவே ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஓடைத் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அதில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சில்லிப்பை முதலிலிருந்து கொதிக்க வைக்கிற விறகுதான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மீட்டரைத் திருப்பி மாட்டிய பிறகு அது உண்மை பேசியது. பாய்லர் போடுகிற விறகுக்குச் சரியாகத்தான் ஆவி கொடுக்கிறது என்றது. இதில் முதலில் மகிழ்ந்தவர் விறகு போடுகிற பாய்லர் அண்ணன். சின்ன வயதில் பெற்றோரோடு சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். லைனை இன்னும் லயம் என்பார். இன்ஜினியர் ஆனாலும் எனக்குத் தொரை பட்டம்தான். விறகு அதிகமாக எரிகிறது என்ற பேச்சு வந்தபோதெல்லாம் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா தொரை? இனி என்னைய யாரும் குறை சொல்ல ஏலாது."

"ஏலாதுண்ணே. ஆனா தண்ணி எங்கயோ போகுதே."

"அதை உங்க மிஷின்கிட்டக் கேளுங்க."

கேட்டேன். தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் கருவி ஒன்றையும், தொட்டிக்கு வரும் ஓடைக் குழாயில் ஒரு மீட்டரையும் வைத்தேன். இரண்டையும் என் செல்ஃபோனோடு இணைத்தேன். தொட்டியின் மட்டம் ஒரு நீலக் கோடாகத் திரையில் ஓடியது. சாப்பிடும்போது, நடக்கும்போது, மார்க்கெட்டில் கேரட் பொறுக்கும்போது எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனைவி கேட்டாள்.

"யாரு அது? சிரிச்சுட்டே பாத்துட்டு இருக்கீங்க?"

"தண்ணித் தொட்டி."

"அப்பச் செரி."

அவள் அவ்வளவு சீக்கிரம் சமாதானமானது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீலக் கோட்டுக்கு ஒரு குணம் இருந்தது. தினமும் விடிகாலையில் சரியும். வெள்ளிக்கிழமை அதிகமாகச் சரியும். சனிக்கிழமை அதைவிட அதிகம். மற்ற நாளில் படியிறங்குகிற கோடு அந்த இரண்டு நாளும் மாடியிலிருந்து குதித்தது.

இதற்கு நான் ஒரு கொள்கை கண்டுபிடித்தேன். சுற்றியுள்ள ஹட்டி என்கிற படுகர் ஊர்களின் சிறு விவசாயிகள் வாரக் கடைசியில் இலையை மொத்தமாகக் கொண்டு வருகிறார்கள். இலை கூடினால் நீராவி கூடும். குழாய்களில் அழுத்தம் கூடும். ஆகவே எங்கேயோ ஒரு ரகசிய ஒழுகல் அந்த நாட்களில் மட்டும் வாயைத் திறக்கிறது. இதை வண்ண வண்ணமாகப் படம் போட்டு முதலாளிக்கு அனுப்பினேன். அவர் ஃபோனில் சொன்னார்: "படம் நல்லா இருக்குதுங்க. எங்க பேத்தியும் இப்படித்தான் கலர் அடிப்பா."

ஒழுகலைத் தேடி ஃபாக்டரி முழுக்க அலைந்தேன். குழாய்களில் காது வைத்துக் கேட்டேன். சின்னச் சின்னதாகச் சீறிய இடங்களை எல்லாம் இறுக்கினோம். கோடு அசையவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஆவியோ சுடுதண்ணியோ எங்கேயாவது வீணாப் போகுதா?" என்று விசாரித்தேன். ட்ரையர்காரர், இலை நிறுக்கிறவர், கூட்டுகிற அம்மா, எல்லோரும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்கள்: "வீணா? ஒரு சொட்டுக் கூட இல்லீங்க சார்."

வாட்டும் மாடியில் பெண்களுக்கு மேஸ்திரியாக ஓர் அக்கா. காங்கேயம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர். நான் ஒரு குழாயைக் கட்டிப்பிடித்துக் காது வைத்திருந்த நேரம் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சார், அதுக்குக் காய்ச்சலுங்களா?"

"தண்ணி ஓடுற சத்தம் கேக்குதான்னு பாக்கறேங்கா."

"பொங்கலுக்குள்ள கேட்டுருமுங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அவர் மகள் கீழே குன்னூரில் பத்தாம் வகுப்பு. ஃபாக்டரி பூட்டினால் அந்தப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அவர் ஏற்கெனவே என் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். நான் குழாயை இன்னும் இறுக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தீபாவளி வந்தது.

ஃபாக்டரிக்கு லீவு. முந்தின நாளே இலையை முடித்து பாய்லரை அணைத்து, தொட்டிக்கு வரும் ஓடைக் குழாயையும் மூடியாகிவிட்டது. தொட்டி நிறையச் சுடுதண்ணீர். அது மூடிய தொட்டி என்பதால் விடியும் வரை சூடு நிற்கும். எங்கள் வீட்டில் மனைவி நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி என் தலையில் ஊற்றித் தேய்த்தாள். பல் கிடுகிடுக்க, பழைய வேட்டியோடு குளியலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பக்கெட்டில் சுடுதண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. லைன் வீடுகளில் வெடி, சிரிப்பு, குளிர் தாங்காத பிள்ளைகளின் அலறல், பக்கெட் சத்தம்.

செல்ஃபோன் குரல் கொடுத்தது. தொட்டி மட்டம் அபாயம் என்று சிவப்பு எழுத்து.

பார்த்தேன். நீலக் கோடு செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. பாய்லர் ஓடவில்லை. இலை வரவில்லை. குழாயில் அழுத்தம் இல்லை. அன்று வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. என் கொள்கை செத்த இடத்தை என்னால் இன்றைக்கும் காட்ட முடியும்: எங்கள் குளியலறை வாசல், அந்த முக்காலி.

கோட்டைப் பார்த்தேன். பக்கெட்டைப் பார்த்தேன். மறுபடி கோட்டைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள். சனிக்கிழமை ஆண்கள். தீபாவளி எல்லோரும்.

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் குவார்ட்டர்ஸைத் திறந்து காட்டியவர், "இந்தக் குழாயில சுடுதண்ணி வருங்க சார்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. சூரியன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோமா? இத்தனை வருஷமாக, காணாமல் போன தண்ணீரைத் தேடிப் போவதற்கு முன்னால், தினமும் அதிலேயே குளித்துவிட்டுத்தான் புறப்பட்டிருக்கிறேன்.

குளியல் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடிய கிரேக்கரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர் ஊரில் குன்னூர்க் குளிர் கிடையாது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எண்ணெய் சொட்டும் தலையில் மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு ஓடினேன். லைன் பிள்ளைகள் ஒரு நிமிஷம் வெடியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

தொட்டியைப் பார்க்க பாய்லர் அண்ணன் புதுச் சட்டையோடு வந்திருந்தார். குளித்து முடித்து, விபூதி பூசி, நிறைந்த முகம்.

"அண்ணே, நாம குளிக்கிற சுடுதண்ணி எங்கயிருந்து வருது?"

"எங்கயிருந்து வரும்? இங்கயிருந்துதான்." விறகு அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனார். வேலை முடிந்த தண்ணீர் தொட்டியின் அடியில் வந்து சேருகிற குழாயிலிருந்து இன்னொரு குழாய் கிளை பிரிந்து, பாசி படிந்து, சரிவில் லைன் பக்கம் இறங்கியது. தொட்டி மேலே, லைன் கீழே. பம்பு கூட வேண்டாம். யாரோ ஒரு பழைய காலத்து மேனேஜர் புண்ணியத்துக்குப் போட்டுக் கொடுத்தது.

"இதை ஏன் சொல்லல? வீணாப் போகுதா, வீணாப் போகுதான்னு ஊரையெல்லாம் கேட்டேனே!"

அண்ணன் முகத்தில் உண்மையான திகைப்பு.

"வீணாப் போகுதான்னுதானே கேட்டீங்க? மனுசர் குளிக்கிறது வீணா, தொரை?"

 எண்ணெய் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அதற்குள் பக்கெட் தண்ணீர் மனைவிக்குப் போய்விட்டது, தொட்டியும் காலி. குழாயில் காற்றுதான் வந்தது. அந்த வருஷம் எங்கள் லைனில் கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளித்த ஒரே ஆள், எல்லாவற்றையும் கண்டுபிடித்த ஆள்தான்.

செய்தி எனக்கு முன்னால் லைனுக்குப் போய்விட்டது. காலைச் சாப்பாடு முடிவதற்குள் அக்கா தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். கையில் அதிரசம், முறுக்குத் தட்டு. சண்டைக்கு வரும்போதும் பலகாரம் எடுத்து வருகிறவர்கள் எங்கள் லைன்காரர்கள்.

"ஏனுங்க சார், தண்ணியை நிறுத்தப் போறீங்களாமா?"

"நிறுத்தலைன்னா முதலாளி ஃபாக்டரியை நிறுத்திருவாருக்கா."

"அப்ப தண்ணியை நிறுத்துனா ஃபாக்டரி நிக்காதுங்களா? மார்கழிப் பனியில பச்சத்தண்ணியில குளிச்சுப்போட்டு யாருங்க வேலைக்கு வாரது? நீங்க வருவீங்களா?"

"குளிக்காம வருவேன்" என்றேன். உள்ளேயிருந்து மனைவி, "அது புதுசில்லீங்க்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஃபாக்டரியும் வேணும். தண்ணியும் வேணும். நீங்க படிச்சவருதானே? அதிரசம் எடுத்துக்கோங்க."

அதிரசத்தை எடுத்துக்கொண்டேன். அதை எடுத்துக்கொண்டதாலேயே ஒரு வாக்குக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

தீபாவளிக்குப் பின் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் துணி காயாது. கொடியில் போட்டால் பாசி பிடிக்கும். அதனால் லைனில் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் புகை போகிற அகலமான இரும்புப் பாதை ஒன்று உண்டு. அதன் மேல் ஒரு கம்பி வலை. பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் அங்கேதான் காயும். பாய்லர் ரூமுக்குள் நுழைந்தால் ஏதோ ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும்.

என் சாக்ஸை எடுக்கப் போனேன். ஈரச் சாக்ஸைப் போட்டு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இவ்வளவு சூடு வானத்துக்குப் போகிறது. இதற்கு மீட்டர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் தண்ணீரையும் ஆவியையும் மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

அன்றே புகைப்பாதையில் சூடு பார்க்கும் கருவியைச் சொருகினேன். அது காட்டியதைப் பார்த்ததும் முதல் முறையாக எனக்கு ஒரு கொள்கையும் தேவைப்படவில்லை.

ஃபாக்டரிக்குப் பின்னால் கழித்துப் போட்ட பழைய ரேடியேட்டர் குழாய்கள் மழையில் கிடந்தன. நல்லவற்றைப் பொறுக்கினோம். ஃபிட்டர் அவற்றைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் பற்றவைத்தார். அடுத்த லீவு நாளில், புகைப்பாதையைத் திறந்து, அந்தப் பாம்பை உள்ளே படுக்க வைத்தோம். ஓடைத் தண்ணீர் தனிக் குழாயில் வந்து ஒரு பக்கம் நுழைய வேண்டும், புகையின் சூட்டில் சுற்றிச் சுற்றி வர வேண்டும், மேலே தகரம் போர்த்திய ஒரு டிரம்மில் சேர்ந்து அங்கிருந்து லைனுக்கு இறங்க வேண்டும். குளிக்கிற தண்ணீருக்கு இனி அது வழி. பாசி படிந்த பழைய கிளைக் குழாயில் வால்வை மூடிப் பூட்டினோம். வேலை முடிந்த தண்ணீர் எல்லாம் நேராகத் தொட்டிக்கே வீடு திரும்ப வேண்டியது.

வால்வுக்கு வால்வு அம்புக்குறியை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபிட்டரைப் பார்க்கச் சொன்னேன். பாய்லர் அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு வந்த அவரை வாசலிலேயே நிறுத்தினேன். எல்லாம் ஓடி, லைனில் ஒரு பிள்ளை "சுடுது, சுடுது" என்று கத்திய பிறகுதான் அனுமதி கொடுத்தேன். அண்ணன் உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் என் நெற்றியில் வைத்தார். எந்த அம்பும் மறையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் நான் செல்ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை மனைவி இன்றும் நடித்துக் காட்டுவாள். லைனில் பக்கெட் சத்தம் ஆரம்பித்தது. நீலக் கோடு அசையவில்லை. சத்தம் கூடியது. கோடு அசையவில்லை. ஓடைக் குழாயின் மீட்டர் தூங்கியது. சனிக்கிழமையும் அப்படியே. நேர்கோடு. நான் ஓவியங்கள் பற்றிப் படித்திருக்கிறேன், கோவில்களில் கோலங்கள் பார்த்திருக்கிறேன். அத்தனை அழகான ஒரு கோட்டை எங்கும் பார்த்ததில்லை. தொட்டிக்குள் வந்து சேர்ந்த தண்ணீரைத் தொட முடியவில்லை. அவ்வளவு சூடு. அதைக் கொதிக்க வைக்க பாய்லருக்குப் பாதி வேலைதான் மிச்சம்.

"தொரை, அடுப்பு பசி இல்லாம இருக்கு" என்றார் அண்ணன். விறகைப் போடப் போய்க் கையை இழுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மார்கழியில் ஒருநாள் வழக்கமான விறகு லாரி வந்தது. டிரைவர் பின்பக்கமாகவே ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்கு வந்து, இறங்கிப் பார்த்து, கோபமாகி, என்னைத் தேடி வந்தார்.

"என்னங்க சார் இது? போன தடவை போட்டது அப்படியே கெடக்குது. நான் எங்கங்க எறக்கறது, உங்க தலை மேலயா?"

"எறக்குங்க" என்றேன். வாழ்க்கையில் ஒருவர் என்னைத் திட்டி நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. இறக்க இடமில்லாமல் நிற்கிற லாரியையும், கோபமாக நிற்கிற டிரைவரையும் சேர்த்து ஃபோட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். வண்ணப் படம் எதுவும் சேர்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவர் வந்தார். கோட்டைப் பார்க்கவில்லை. நேராக விறகு ஷெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாய்லர் ரூம். சாக்ஸுகளுக்குக் கீழே குனிந்து, குழாய் போகிற வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். தொட்டிக்குத் திரும்புகிற குழாயில் விரல் வைத்து, சட்டென்று எடுத்து ஊதிக்கொண்டார். அதற்கப்புறம்தான் என் செல்ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க கோடு இப்படி நீட்டா போகுது? மிஷின் நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க. போற தண்ணி எல்லாம் திரும்பி வருதுங்க. அதான்."

"லைனுக்கு?"

"புகையில காயற தண்ணிங்க. நமக்குச் செலவு இல்லீங்க."

அவர் செல்ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். வாட்டும் மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"செரி" என்றார் முதலாளி. "இங்கயே ஓடட்டும். பூட்டறதுன்னு இனி யாரும் பேச வேண்டாம்." பிறகு என் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "அந்த ஃபாக்டரிக்கும் ஒருக்கா போய் ஒரு பொட்டு வெச்சுட்டு வந்துருங்க இன்ஜினியர்" என்றார்.

மாடியிலிருந்து வந்த சத்தம் ட்ரையர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இலை வாட்டுகிறவர்கள் இலையை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். அது கணக்கில் வராத இழப்பு. நான் அளக்கவில்லை.

பொங்கல் அன்று ஃபாக்டரி முற்றத்தில் பானை வைத்தோம். பொங்கி வழிந்தது. வழிகிறதை நான் இழப்பாகப் பார்க்கக் கூடாது என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பெண்கள் கும்மி அடித்தார்கள். பாய்லர் அண்ணன் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வேலைக்குப் போய்க் களைத்து வீடு திரும்புகிற தண்ணீரைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கை தட்டினார்கள். நல்ல கைதட்டல்.

அக்கா வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் மகளும் கூட இருந்தது. குன்னூரிலேயே படிக்கப் போகிறது. நான் அடக்கமான ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாஞ் செரிதானுங்க சார், நல்லாத்தான் பண்ணீருக்கறீங்க. ஆனா தண்ணி முன்ன மாதிரி சூடு இல்லீங்களே. சீயக்காய் எத்தன தேச்சாலும் எண்ணெய் போக மாட்டேங்குது. வெள்ளிக்கெழமையும் சனிக்கெழமையும் மட்டும் அந்தப் பழைய பைப்பைத் தொறந்து வுட்டீங்கன்னா போதுமுங்க."